ஒரு கை யூரியா

கன்னியம்மாளின் பரங்கிக் கொடியைக் கொன்றது நான்தான். அதைவிடக் கேவலம், அதை மறைத்து, அவள் கொட்டிவந்த அடுப்புச் சாம்பல்மேல் பழியைப் போட்டேன்.

எழுபதுகளின் கடைசி. காவாந்தண்டலத்தில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, உத்திரமேரூரில் ஒரு பள்ளியில் விஞ்ஞானம் நடத்தினேன். செடிக்குத் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றும் வேண்டும் என்று கரும்பலகையில் எழுதிப் போடுகிற நான், கொல்லையில் வைத்த கத்தரிக்குக் கொடுத்தது யூரியா மட்டும். இலை கரும்பச்சையாகத் திரண்டது. பூரித்துப்போய் வாரம் தவறாமல் போட்டேன். செடி என் தோள்வரை வளர்ந்தது. பூ வந்தது, உதிர்ந்தது. மொத்த விளைச்சல் நான்கு காய். அதில் ஒன்றில் புழு. (“அதுக்காவது கெடைச்சுதே” என்றாள் என் மனைவி.)

வேலிக்கு அந்தப் பக்கம் கன்னியம்மாள் வீடு. கழனி வேலைக்குப் போகிறவள். அவளுடைய குப்பைமேட்டில் தானாக முளைத்த பரங்கி, கூரைமேல் ஏறிப் பிஞ்சு விட்டிருந்தது. பழையசீவரத்தில் கட்டிக்கொடுத்த மகளுக்கு அது தலைப்பொங்கல். சீர்வரிசையில் தன் கொடியில் காய்த்த பரங்கிக்காயை வைக்கப்போவதாக அங்கே சொல்லியனுப்பியும் விட்டாள். மார்கழி பிறந்தும் காய் பெருக்கவில்லை. என்னிடம் வந்தாள்.

“இன்னா சார், காய் அப்படியே நின்னுக்கினு கீது. எதுனா ஒரம் கீதா?”

என் கத்தரியின் லட்சணம் தெரிந்தும் கேட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நானே போய் வேரடியில் ஒரு கை யூரியா வைத்தேன். அது போதாதென்று தோன்ற, இன்னொரு கை. தண்ணீர் ஊற்றச் சொல்லவும் மறந்தேன். மூன்றாம் நாள் இலை கருகியது. ஒரு வாரத்தில் கொடி சுருண்டு, பிஞ்சுகள் அழுகிக் கூரையிலிருந்து உருண்டன.

தெருவில் நாலு பேர் கூடிவிட்டார்கள். எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். சாம்பலை அளவில்லாமல் கொட்டினால் இப்படித்தான் ஆகும் என்று வகுப்பெடுக்கும் குரலில் சொன்னேன். கன்னியம்மாள் தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள்.

சீர் கொண்டுபோவதற்கு முதல்நாள் உத்திரமேரூரில் பெரிய பரங்கிக்காயாக வாங்கி, சைக்கிள் கேரியரில் கட்டி வந்து அவள் வாசலில் இறக்கினேன். தெருவே பார்க்க, தப்பு சாம்பல்மேல் இல்லை, என்மேல்தான் என்றேன்.

“தெரியும் சார்” என்றாள். “பொறந்ததுலர்ந்து சாம்பலத்தான் போட்டுக்கினு கீறோம். ஒரு கொடியும் சாவல. நாலு பேரு எதிர்ல வாத்தியார எப்படிப் பொய்யின்றதுன்னு வுட்டுட்டேன்.”

பிறகு காயைப் பார்த்தாள்.

“இத்த வெச்சி, எங்க கொடில காச்சதுன்னு என்னையும் பொய் சொல்லச் சொல்றீங்களா?”

அதைச் சீரில் வைக்கவில்லை. அறுத்துத் தெருவுக்கே பங்கு போட்டுவிட்டாள். எங்கள் வீட்டுக்கும் ஒரு பத்தை வந்தது. பொங்கலன்று அந்தக் கூட்டை விழுங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சொன்ன காய் வரவில்லையே என்று மகளைச் சம்பந்தி வீட்டில் இடித்துக் காட்டியதாகப் பின்னால் கேள்விப்பட்டேன். அதற்கு என்னிடம் பரிகாரம் இல்லை.

அடுத்த ஆடியில் அவள் குப்பைமேட்டில் மறுபடி பரங்கி முளைத்தது. நான் வேலியோரம் போனாலே, “கையக் காட்டுங்க சார்” என்பாள். இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுவேன். என் மனைவி அதைப் பிடித்துக்கொண்டாள், அப்புறம் பிள்ளைகள், இப்போது பேரப்பிள்ளைகள். மாடித் தொட்டிகளுக்குப் பக்கத்தில் போகும்போதெல்லாம் கையை விரித்துக் காட்டிவிட்டுத்தான் போகிறேன், அங்கே யாரும் இல்லாத நாட்களிலும்.