மணி அடித்தவர்

ஏழு மலைகளும் ஒரே ஒரு ஹெலிகாப்டரும் உடைய நாடு ஒன்று இருந்தது. மூங்கில்நாடு என்று பெயர். கோடை வந்தால் அங்கே காடு எரியும். ஆனால் எரிவதெல்லாம் உடனே தீ ஆகிவிடாது. ஒவ்வொரு மலையடிவாரத்திலும் கல்தூணில் ஒரு வெண்கல மணி தொங்கும். தலைநகரிலிருந்து அமைச்சர் ஒருவர் வந்து அதை அடித்த பிறகுதான் அது தீ. அதுவரை அரசுக் குறிப்புகளில் அதற்குப் புகை என்று பெயர். பொய்த் தகவல் பரப்பி யாரும் குடிகளைப் பதறவைக்கக் கூடாதென்று பழைய அரசர் ஒருவர் நல்லெண்ணத்தோடு செய்த ஏற்பாடு.

தீயணைப்புக்காரர்கள் மணிக்காகக் காத்திருந்ததில்லை. பச்சைக் கிளைகளை ஒடித்துக்கொண்டு மலையேறுவார்கள். நெருப்பை அடித்து அணைப்பார்கள். 'புகை அணைக்கப்பட்டது' என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அவர்களுடைய தலைவி செம்பவளம்.

ஒரு கோடையில், அடிவாரத்துக் கல்யாண வீடொன்றில் படம் பிடித்துக்கொண்டிருந்தவர், மணமக்களுக்குப் பின்னால் எரிகிற மலை தெரிந்தால் அழகாயிருக்கும் என்று நினைத்துத் தன் ட்ரோனை மேலே அனுப்பினார். தண்ணீர் வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்த ஹெலிகாப்டர் அதன்மேல் மோதாமலிருக்கச் சட்டென்று திரும்பியது. தண்ணீர் ஆளில்லாத பாறையில் கொட்டியது. அந்தத் தண்ணீருக்காகக் கீழே நெருப்புக்கு நடுவில் நின்றிருந்த ஒச்சு என்ற வீரர் வெந்து இறந்தார். கல்யாணப் படம் நன்றாக வந்திருந்தது.

செம்பவளம் தலைநகருக்குப் போய்ச் சட்ட அமைச்சர் வாகீசனாரின் முன்னால் நின்றார்.

"கீழ ஆளு எரியறான், மேல பொம்ம பறக்குதுங்கய்யா. பறக்கவிடுறவன ஜெயில்ல போடுங்க. அப்பத்தான் பயம் வரும்."

"அம்மையீர், தங்கள் கண்ணீர் வீண்போகாது. அதையே சட்டமாக்குவோம்" என்றார் வாகீசனார்.

சட்டம் வந்தது. மீட்பர் பணியாற்றும் வானில் ட்ரோன் பறக்கவிட்டால் மூன்றாண்டுச் சிறை. நல்ல சட்டம்தான். செம்பவளம் அதன் நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மீட்பர் என்றால் யார் என்று மட்டும் வரையறுக்க வேண்டியிருந்தது. தீயைத் தீ என்று அறிவிக்கும் அமைச்சரே முதல் மீட்பர் என்பதில் அவையில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் பதவியில் இருப்பவரைச் சட்டத்தில் பெயரிட்டோ பதவி சொல்லியோ குறிப்பது மூங்கில்நாட்டில் மரியாதைக் குறைவு. ஆகவே 'கடைசியாக மணி அடித்தவர்' என்று நாசூக்காக எழுதினார்கள்.

பிறகு திருத்தங்கள் வந்தன. மீட்பரைப் படம் பிடிப்பதும் மீட்புப்பணியே என்றது ஒன்று. மீட்பரின் மனம் புண்படுவதும் இடையூறே என்றது அடுத்தது. மூன்றாண்டு ஏழாண்டானது. வாத்தியார் தேவசகாயம், தீ அணைந்து இரண்டு நாள் கழித்துப் பள்ளிக்கூட ட்ரோனைப் பறக்கவிட்டு, அரசின் தண்ணீர்த் தொட்டிகள் எல்லாம் வறண்டு கிடப்பதைப் படமெடுத்து ஊருக்குக் காட்டினார். மீட்பரின் மனம் புண்பட்டது. வாத்தியார் உள்ளே போனார். மலையில் வழிதவறிய ஆடுகளைத் தேட மேய்ப்பர்கள் வைத்திருந்த ட்ரோன்களும் முன்னெச்சரிக்கையாகப் பறிமுதலாயின.

ஒவ்வொரு திருத்தமும் தீயணைப்புத் தலைவியின் ஒப்புதலுக்கு வரும். ஒவ்வொன்றின் முதல் வரியிலும் 'தியாகி ஒச்சுவின் நினைவாக' என்றிருக்கும். அந்தப் பெயர் இருந்த தாளைத் திருப்பி அனுப்பச் செம்பவளத்துக்கு மனம் வரவில்லை. கையெழுத்திட்டார்.

அடுத்த கோடையில் ஈத்தமலை பற்றிக்கொண்டது. மூங்கில் வெட்டப் போன பதினோரு பேர் மொட்டைப்பாறையில் மாட்டிக்கொண்டார்கள். மூன்று பக்கம் நெருப்பு, நான்காவது பக்கம் பள்ளம். பாறையின் சரிவில் ஒரு வாளித் தண்ணீர் விழுந்தால் இறங்கிவர வழி பிறக்கும்.

வாகீசனார் வந்து மணியை அடித்தார். முதல் தடவை முகத்தில் வெளிச்சம் சரியாக விழவில்லை என்று படம் பிடிப்பவர்கள் சொன்னதால் இன்னொரு தடவையும் அடித்தார். அவரையும் அவருக்குப் பின்னால் எரியும் மலையையும் எல்லாக் கோணங்களிலும் பிடிக்க நாற்பது ட்ரோன்கள் மேலே எழும்பின.

"அக்கா, எறங்க எடமில்ல" என்றார் வயர்லெஸ்ஸில் பைலட் ராவுத்தர். "கொசு மாதிரி மொய்க்குது. ஒண்ணு விசிறியில பட்டாலும் நானே கீழ வந்துருவேன்."

"எவ்வளவு நேரம் சுத்துவீங்க?"

"கால் மணி. அப்புறம் எண்ணெய் தீந்துரும்."

செம்பவளம் அமைச்சரிடம் ஓடினார். "அய்யா, அந்த நாப்பதையும் கொஞ்சம் இறக்கச் சொல்லுங்க. பாறையில பதினோரு பேரு நிக்கிறாங்க."

"அவர்களுக்காகத்தானே வந்திருக்கிறோம், அம்மையீர். எனது ஆறுதல் நாடெங்கும் சென்றடைய வேண்டாமா?"

"மொதல்ல தண்ணி சென்றடையணுமேங்கய்யா."

"மீட்பர் நான். அந்தக் கருவிகள் என் அங்கங்கள். தங்கள் ஹெலிகாப்டர்தான் அவற்றை நெருங்கி இடையூறு செய்கிறது. சட்டம் தெரியுமல்லவா? தாங்கள் கேட்டு வாங்கிய சட்டம்."

செம்பவளம் சட்டைப்பையிலிருந்து நகலை எடுத்துப் பிரித்தார். வியர்வையில் ஊறியிருந்தாலும் எழுத்து தெரிந்தது. படித்தார். பிறகு மணித்தூணை நோக்கி நடந்தார். அங்கே காவலுக்கு நின்ற ஏட்டு சங்கிலி என்பவரின் கையில், பறக்கும் ட்ரோனைச் செயலிழக்கச் செய்யும் கருவி இருந்தது. சட்டத்தின்படி அரசு கொடுத்த கருவி.

"ஏட்டய்யா, கடைசியா மணி அடிச்சது யாரு?"

"அமைச்சருங்க."

செம்பவளம் கயிற்றைப் பிடித்து இழுத்தார். மணியோசையை மலை திரும்பச் சொன்னது.

"இப்ப?"

சங்கிலி யோசித்தார். தேர்வுக்காகச் சட்டத்தை மனப்பாடம் செய்திருந்தவர் அவர். "இப்ப... நீங்கம்மா."

"அப்ப மேல நிக்கிற நாப்பது?"

சங்கிலி அமைச்சரைப் பார்த்தார். பாறையைப் பார்த்தார். "ஒங்களப் படம் பிடிக்கலயே, அப்ப இடையூறுதான். பாழாப்போறவங்க, இவ்வளவு தெளிவாவா எழுதித் தொலைப்பாங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே கருவியை அழுத்தினார். நாற்பதும் மழைக்குப் பின் ஈசல் உதிர்வதுபோல் புதர்களில் உதிர்ந்தன.

தண்ணீர் விழுந்தது. பதினோரு பேரும் இறங்கி வந்தார்கள். அவர்களில் மூத்தவர் செம்பவளத்திடம் சொன்னார்: "அந்த நாப்பதப் பாத்துத் துண்ட வீசிக்கிட்டே இருந்தோம் தாயி. எங்களத்தான் பாக்குதுன்னு நெனச்சோம்."

அன்று மாலையே அவை கூடியது. தியாகி ஒச்சுவின் நினைவாக, அமைச்சரல்லாதார் மணியைத் தொட்டால் ஒன்பதாண்டு என்றும், அது அன்று காலையிலிருந்தே நடைமுறைக்கு வருகிறது என்றும் தீர்மானித்தது. செம்பவளம் சிறைக்குப் போனார். பதினோரு பேரும் முறைகேடாக மீட்கப்பட்டவர்கள் என்று பதிவாகி, சான்றுப் பொருட்களாக ஒவ்வொரு வாய்தாவுக்கும் கொண்டுவந்து நிறுத்தப்பட்டார்கள். ஏழு மணிகளின் நாக்குகளும் கழற்றி அரண்மனையில் பூட்டப்பட்டன. அதன் பின் நாட்டில் ஒரு தீகூட இல்லை. ஆண்டறிக்கையில் இதை வாசித்தபோது கைதட்டல் அடங்க நேரமானது.

அடுத்த கோடையில் ஒருநாள், சிறை முற்றத்தில் தேவசகாயம் செம்பவளத்தின் அருகே வந்து உட்கார்ந்தார்.

"என்னைய உள்ள போட்டது நீங்க கேட்ட சட்டந்தானேம்மா?"

"ஆமாங்க வாத்தியாரய்யா. தாள்ல ஒச்சு பேரு இருந்துச்சு. கையெழுத்துப் போட்டுட்டேன்."

வாத்தியார் தலையாட்டினார். "சட்டம் எழுதினபடியே ஒரு தடவ நடந்துச்சுல்ல. அதுக்குத்தான் ஒங்களுக்கு ஒம்பது வருஷம்."

செம்பவளம் மூக்கை உயர்த்தி மோப்பம் பிடித்தார். சிறைக்குப் பின்னாலிருந்த மலை எரிந்துகொண்டிருந்தது. கதவருகே, தண்டனையாக இங்கே மாற்றப்பட்டிருந்த ஏட்டு சங்கிலி சாவிக்கொத்தோடு நின்றார்.

"ஏட்டய்யா, காத்து இந்தப் பக்கந்தான் அடிக்குது. கதவத் தெறங்க."

"தீன்னாத் தெறக்கலாம்மா. சட்டத்துல எடமிருக்கு." அவர் மலையைப் பார்க்காமல் சொன்னார். "இது புகைதாம்மா."

சாம்பல் முற்றத்தில் உதிரத் தொடங்கியது. சங்கிலி கையிலிருந்த சாவிகளைப் பார்த்தார். "புகைதாம்மா" என்றார் மறுபடியும், இன்னும் மெதுவாக.

வானில் ஒரு ட்ரோன்கூட இல்லை. சட்டம் முழுமையாகக் கடைப்பிடிக்கப்பட்டிருந்தது.