பேராயர் நாற்காலியில் இருந்த மணிக்காரர்

குமரி மாவட்டத்துப் பயத்தில் பாதியை எங்கள் மணிக்காரர் ஒருவரே வைத்திருந்தார். மீதியை எங்களுக்குப் பங்கு வைத்தவரும் அவர்தான்.

திருவட்டாறு பக்கம், ரப்பர் மரங்களுக்கு நடுவே எங்கள் ஆலயம். அதில் மணியடிப்பது அவர் வேலை. கோபுரத்துக்குள் ஒருமுறை மரநாயைப் பார்த்துவிட்டார். அன்று முதல் கயிற்றோடு கயிறு முடிந்து, தெருவில் நின்று இழுப்பார். தென்னைக்கு அடியில் போகும்போது தலையில் அலுமினியச் சட்டியைக் கவிழ்த்துக்கொள்வார். நாங்கள் சிரிப்போம். ஆனால் அவர் பயப்படுகிற இடத்தைத் தாண்டும்போது நாங்களும் கொஞ்சம் வேகமாகத்தான் நடப்போம்.

எல்லாவற்றையும்விட அவர் பயந்தது பேராயரின் நாற்காலிக்கு.

எங்களுடையது ஒரு சின்ன ஆங்கிலிக்கன் பேராயம். மலையோரச் சபைகள் சில சேர்ந்து உண்டானது. அதற்கு வாய்த்தது ஒரே பேராயர், அவருக்கு ஒரே ஈட்டிமர நாற்காலி. அது இருந்ததால்தான் எங்கள் ஓட்டுக்கூரைக்குப் பேராலயம் என்று பேர். பேராயர் காலமாகி, ஆலய வளாகத்திலேயே அடக்கமானார். அடுத்தவரை அமர்த்த வழியில்லை. குடும்பங்கள் ஒவ்வொன்றாக வேறு சபைகளுக்குப் போயின. கடைசியில் எங்களைப் பக்கத்துப் பெரிய பேராயத்தோடு இணைத்து, வாசல் பலகையைக் கழற்றினார்கள்.

நாற்காலி மிஞ்சியது. பேராயர் அல்லாதவன் அதில் உட்கார்ந்தால் உயிர் தங்காது என்பது மணிக்காரரின் விசுவாசப் பிரமாணத்தில் ஒரு வரி. ஒயரிங் செய்ய வந்தவன் அதில் உட்கார்ந்து பொதிச்சோறு தின்றான்; அடுத்த வாரமே கம்பத்திலிருந்து விழுந்தான். கல்யாணத்துக்கு வந்த ஒருவர் போட்டோவுக்கு இருந்தார், மஞ்சள் காமாலை. சபைச் செயலாளரான நானே, அதன் அருகில் டியூப்லைட் மாற்றும்போது வேட்டி நுனி பட்டுவிடாமல் மடித்துக் கட்டிக்கொள்வேன்.

ஒரு மழை மதியம், தலைமையிடத்திலிருந்து ஒரு குருவானவர் டெம்போவோடும் சுமையாட்களோடும் வந்தார். இனி இது பேராலயம் இல்லை, நாற்காலியை எடுத்துப் போகிறோம் என்றார். எதிர்த்தால் ஆலயத்தையே பூட்டிவிடுவார்களோ என்று பயந்து, நாங்கள் வழிவிட்டு ஒதுங்கினோம்.

மணிக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். பல் அடிக்கிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. கண்ணை இறுக்க மூடி, நாற்காலியில் இருந்துவிட்டார்.

“சாரே, நான் இருந்தாச்சு. இனி என்னையும் சேத்துத் தூக்குங்க. வழியில செத்துப்போனா தக்கலையில எறக்கிருங்க. எனக்க அக்கா வீடு அங்கதான்.”

டீக்கடையில் காமாலைக் கதையைக் கேட்டுவிட்டு வந்திருந்த சுமையாட்கள் பின்வாங்கினார்கள். குருவானவர் எழும்பச் சொன்னார். முட்டுக்குக் கீழே தனக்கு இப்போது ஒன்றும் இல்லை என்று மணிக்காரர் மரியாதையாகத் தெரிவித்தார். அது நிஜம். டெம்போ காலியாகப் போயிற்று.

அதற்கப்புறம் மணிக்காரர் என்னைப் பக்கத்தில் நிற்கச் சொல்லி, என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் விரல்கள் ஐஸ் மாதிரி இருந்தன. வெளியே இடி. ஒவ்வோர் இடிக்கும் ஒரு கேள்வி.

“மக்கா, வந்தாச்சா?”

“இன்னும் வரல்ல அண்ணே.”

கோழிகளை யாருக்குக் கொடுப்பது என்று சொன்னார். எந்தப் பாட்டோடு அடக்கம் பண்ணுவது என்றும் சொன்னார். அந்திவரை சாவு வரவில்லை, பசி வந்தது. மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் வந்தன. முள் தொண்டையில் சிக்கிவிடுமோ என்று பயந்தார். நான் முள் எடுத்துக் கொடுக்க, நாற்காலியில் இருந்தபடியே தின்றார்.

இவ்வளவு பயத்தோடு ஏன் இருந்தீர்கள் என்று கேட்டேன்.

“பேராயரு இங்கதானே கெடக்காரு. இதும் போச்சுன்னா அவரு ஆருன்னு ஒருத்தனுக்கும் தெரியாதுல்லா.”

நாற்காலியைக் கேட்டுப் பிறகு யாரும் வரவில்லை. மணிக்காரர் மட்டும் ஒவ்வோர் இருமலுக்கும் என்னைக் கூப்பிட்டு அனுப்புவார். நானும் போய், இன்னும் வரவில்லை என்று சொல்லிவிட்டு வருவேன். அப்படியே பல வருஷம் ஓடிற்று.

போன மழைக்காலத்தில், நல்ல வயதில், தூக்கத்திலேயே போய்விட்டார். ஒன்றும் அறிந்திருக்க மாட்டார் என்றார் டாக்டர். அப்படித்தான் இருக்க வேண்டும். பயந்திருந்தால் என்னைக் கூப்பிட்டிருப்பார்.