துருப்பிடித்த டிரில் பிட்டு விஷயமாக மச்சானுக்கு

ஓரிக்கை,
ஐப்பசி 14

மதிப்பிற்குரிய மச்சான் ராமராஜனுக்கு, உன் மாமா சின்னப்பையன் எழுதிக்கொண்டது.

இங்கே நானும் டிரில் மெஷினும் ஏதோ நலம். அங்கே நீயும் கலாவதியும் பிள்ளைகளும் எங்களைவிட நன்றாக இருக்க வேண்டும். விஷயம் என்னவென்றால், போன வருஷம் அம்பத்தூரிலிருந்து “அசல் ஹைஸ்பீடு ஸ்டீல், மாமா” என்று சத்தியம் பண்ணி நீ வாங்கிக் கொடுத்த பிட்டு செட் முழுக்கத் துருப்பிடித்துவிட்டது. முப்பது வருஷப் பட்டறையில் என் பிட்டுப் பெட்டி துருவைப் பார்த்ததே கிடையாது. உன் மேல் இருந்த மரியாதை ஆறு மில்லிமீட்டர் தேய்ந்துபோனது.

செவ்வாய்க்கிழமை நெசவுக்காரர் குமரகுரு, தறிக்கு மேலே, புடவைக்குப் பூ டிசைன் போடுகிற ஜக்கார்டுப் பெட்டியைத் தாங்குகிற இரும்புப் பட்டையைத் தூக்கிக்கொண்டு மழையில் ஓடி வந்தார். “ரெண்டே ஓட்டை போட்டுக் குடுப்பா. பாதிப் பொடவையோட தறி நிக்குது, பொண்ணு வூட்டுல தினம் போன் பண்ணிக்கினே இருக்காங்க” என்றார். போட்டேன். பிட்டு கீச்சென்று கத்தியது, நானும் கத்தினேன், குமரகுருவும் கத்தினார், பிட்டு முறிந்து பாதி பட்டைக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. அவரைத் திட்ட முடியாததால் உன்னைத் திட்டினேன்.

மட்டமான சரக்கு என்று உன் முகத்தில் அடிக்க ஒரு சாட்சி வேண்டுமே என்று, காஞ்சிபுரத்தில் டூல்ஸ் கடை வைத்திருக்கும் நமச்சிவாயத்திடம் ஒரு பிட்டைக் கொண்டுபோனேன். நாலு பேர் பார்க்க அவர் அதைச் சாணை பிடித்தார்.

“அசல்தான்பா. பாரு, பொறி மங்கலா செவப்பா வருது. மட்டம்னா வெள்ளையா பூப்பூவா தெறிக்கும்.”

“அப்ப துரு?”

“ஹைஸ்பீடுனா துரு புடிக்காதுனு யாருபா சொன்னது? அதுவும் இரும்புதானே. தொடச்சி எண்ணெ தடவி வெக்கணும். இத்தினி வருஷமா யாரு தடவிக்கினு இருந்தது?”

சைக்கிளை அவர் கடை வாசலிலேயே மறந்துவிட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்திருக்கிறேன்.

உன் அக்கா கங்கையம்மாள்தான், ராமராஜா. தினமும் பட்டறை மூடுகிற நேரத்தில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் கை கழுவப் போய்விடுவேன். எண்ணிப் பார்க்கிறாள் என்றே நினைத்திருந்தேன். “இன்னாத்துக்கு தினம் எண்ணிக்கினு இருக்கற? உன் நகையா அது?” என்று ஒருநாள் கேட்டேன். “நீ போய் சோறு துண்ணு” என்றாள், அவ்வளவுதான். மாசியில் அவள் போனாள். எட்டு மாசமா அந்தப் பெட்டிய யாரும் தொடைக்கலபா. என் சரக்கு, என் கைராசின்னு ஊரெல்லாம் பீத்திக்கினு இருந்தேனே, அவ ஒரு வார்த்தை சொல்லல.

எனவே தொழில் போதும். மெஷினை வாங்க ஆள் பார். பெட்டியை உனக்கே அனுப்புகிறேன்.

கலாவதிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி. நீ என்னை மன்னித்துக்கொள்.

இப்படிக்கு,
சின்னப்பையன்

பின்குறிப்பு: பெட்டி வராது. அனுப்பலாமென்று காலி செய்தபோது அடியில் அவள் புடவைக் கிழிசல் ஒன்று கிடந்தது. முகர்ந்து பார்த்தேன், தேங்காயெண்ணெய். தலைக்கு வைக்கிறதையே தடவியிருக்கிறாள். உட்கார்ந்து பதினேழு பிட்டையும் துடைத்துத் தீட்டினேன். புதுப் பட்டை வெட்டி ஓட்டை போட்டுக் கொடுத்தாயிற்று, குமரகுருவின் தறி ஓடுகிறது. ஆள் பார்க்க வேண்டாம். துடைக்க என் பழைய வேட்டியைக் கிழித்துக்கொண்டேன். அந்தக் கிழிசலை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.