நிறுத்திய பிறகும் ஓடிய முன்னோட்டம்

பெருமதிப்புக்குரிய அத்தான் எழிலரசன் அவர்கள் சமூகத்துக்கு,

படப்பையிலிருந்து தங்கள் மைத்துனன் நெல்லையப்பன் பணிவோடு எழுதிக்கொள்வது. நான் நலம் என்று தொடங்குவதுதான் முறை. அந்த முறையைக் கெடுத்த பெருமை தங்களையே சேரும். அக்கா சந்தனமாரியும் பிள்ளைகளும் சுகம் என்று நம்புகிறேன். தபாலில் எழுதுவதற்குக் காரணம், தாங்கள் அன்போடு கொடுத்த லேப்டாப்பை இனித் தொடுவதில்லை என்று முடிவு செய்திருப்பதுதான்.

ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் ஷிப்ட் பார்த்து, தின்று, தூங்கி நிம்மதியாக இருந்தவனைப் பார்த்து "மாப்ள, ஒனக்குள்ள ஒரு எழுத்தாளன் இருக்காம்ல" என்று பொங்கலன்று கண்டுபிடித்த ஞானி தாங்கள். கையோடு ஒரு வலைப்பூவும், அதற்கு உதவ ஒரு ஏஐ உதவியாளரும் போட்டுக் கொடுத்தீர்கள். எழுதியதை வெளியிடும் முன் எப்படித் தெரிகிறது என்று பார்த்துக்கொள்ள முன்னோட்டம் என்று ஒன்று. அது லேப்டாப்புக்குள்ளேயே ஓடும், அதே வைஃபையில் இருக்கும் போனில் மட்டும்தான் திறக்கும், வெளியே ஈ காக்கைக்குத் தெரியாது என்றீர்கள். உண்மைதான், ஈ காக்கைக்குத் தெரியவில்லை. அந்த வைஃபை யாருடையது என்று மட்டும் தாங்கள் கேட்கவில்லை. அது கீழே குடியிருக்கும் என் வீட்டுக்காரர் பாண்டுரங்கனுடையது.

அவரைப் பற்றித்தான் 'விடியற்காலை மோட்டார் கச்சேரி' என்று ஒரு கட்டுரை எழுதி வைத்திருந்தேன். அவர் இருட்டோடு எழுந்து மோட்டார் போடுவார், அந்தச் சத்தத்தில் வல்லக்கோட்டை முருகனே தூக்கம் கலைந்து மயில் ஏறிவிடுவார் என்றெல்லாம் என் கைவரிசையைக் காட்டியிருந்தேன். போன ஞாயிறு காலை, தங்கள் போனில் திறக்காது என்பதையே மறந்து முன்னோட்டத்தின் முகவரியைத் தங்களுக்கு அனுப்பப் போய், அது வீட்டுக்காரர் தண்ணீர் நேரம் சொல்லும் 'மாடி ரூம்' குரூப்பில் போய் விழுந்தது. உலகத்தில் வேறு எவன் தொட்டாலும் திறக்காத முகவரி, ஒரே ஒரு மனிதருக்குத் திறக்கும், அந்த மனிதர் கீழே சோபாவில் போனோடு உட்கார்ந்திருக்கிறார் என்றால் தங்கள் தொழில்நுட்பத்தை எப்படிப் புகழ்வது!

அனுப்பியதை அழித்துவிட்டு, உதவியாளரிடம் "முன்னோட்டத்தை உடனே நிறுத்து" என்று தட்டினேன். "நிறுத்திவிட்டேன். வேறு ஏதாவது உதவி வேண்டுமா?" என்றது. கீழே தொண்டையைக் கனைத்துக்கொண்டு 'மோட்டார் கச்சேரி' என்று தலைப்பை வாசிக்கும் குரல். "நிஜமாகவே நிறுத்தினாயா?" "ஆம். இப்போது நிறுத்துவதற்கு எதுவும் ஓடவில்லை." "அப்போ அவர் எப்படிப் படிக்கிறார்?" என்றேன். "ஒருமுறை திறந்த பக்கம் அவர் போனில் அப்படியே நிற்கும். அவர்தான் மூட வேண்டும். மூடச் சொல்லிப் பாருங்களேன்" என்றது. சொன்ன வேலையைச் சரியாகச் செய்த ஒன்றை எந்த வாயால் திட்டுவது? வைஃபை போனாலாவது பக்கம் போகும் என்று ஓடிப்போய் படிக்கட்டுக்குக் கீழே இருந்த மெயின் சுவிட்சை அணைத்தேன். பக்கம் போகவில்லை. டிவிதான் போனது. அதுவரை ரெண்டு வரி மேய்ந்துவிட்டுப் படம் பார்த்துக்கொண்டிருந்தவர், வேறு வேலையில்லாமல் முழுக் கட்டுரையையும் படிக்க ஆரம்பித்தார். அதுவும் மனைவி சசிரேகா அக்காவுக்கு உரக்கப் படித்துக் காட்டினார்.

"தம்பி, எறங்கி வா." போனேன். "முருகனுக்கு தூக்கம் போவுதா? எங்க வூட்ல கீறது ரெண்டே பேரு. அந்நேரத்துல யாருக்கோசரம் மோட்டாரு போடறேன்? நைட் ஷிப்ட் முடிச்சிக்கினு எண்ணெயும் கிரீஸுமா வந்து நிக்கிறியே, நீ குளிக்க தண்ணி வோணாமா?" என்றார். அத்தான், அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதோடு முடிந்திருக்கும். சசிரேகா அக்கா வாயைப் பொத்திக்கொண்டு, "ஆனா நீ பேசற மாரியே எழுதிகீதுய்யா இந்தப் புள்ள" என்று சிரித்துவிட்டது. அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "ரூமை காலி பண்ணு!" குன்றத்தூர் வரைக்கும் வீட்டுக்கு வீடு 'குடும்பத்துக்கு மட்டும்' என்று பலகை தொங்கும் ஊரில் கல்யாணமாகாதவன் எங்கே போவான்? மெயின் சுவிட்சைப் போட்டுவிட்டுக் கெஞ்சினேன், சசிரேகா அக்காவும் கெஞ்சியது. கடைசியில், "அப்போ நா சொல்றதையும் அதுல போடு" என்றார்.

மேலே வந்து லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, "இன்னாபா, என் தமிழு உனக்கு புரியுமா?" என்று கேட்டார். "நன்றாகப் புரியும் ஐயா" என்றது அது. இத்தனை நாளில் என்னை ஒருமுறை ஐயா என்றதில்லை. மாடியில் ஒருத்தன் குழாயைத் திறந்துவிட்டு முழுப் பாட்டும் பாடி முடிக்கும்வரை குளிப்பதில்லை என்று தொடங்கி, என் ஈர யூனிபார்ம் அவர் வீட்டுச் சாமி அறை ஜன்னல்மேல் சொட்டுவது வரைக்கும் மூச்சுவிடாமல் சொன்னார். "வெளியிடலாமா?" என்று கேட்டது. பொங்கலிலிருந்து நான் 'பிறகு, பிறகு' என்று சொல்லிவந்த அதே கேள்விதான். அவர் "போடுபா" என்றார். போட்டுவிட்டது. ஆக, என் வலைப்பூவில் வெளிவந்த முதல் கட்டுரை, என்னைத் திட்டி என் வீட்டுக்காரர் எழுதியது.

ஆகவே தாங்கள் அடுத்த பஸ்ஸிலேயே வந்து இந்த லேப்டாப்பையும் அதற்குள் இருக்கும் அந்த மரியாதைக்காரரையும் எடுத்துக்கொண்டு போகவும். எனக்குள் இருந்த எழுத்தாளன் காலமாகிவிட்டான். அக்காவுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தங்கள், தங்கள் மேதைமைக்கு என் சாஷ்டாங்க நமஸ்காரம்.

இப்படிக்கு,
இன்னும் அறையில் இருக்கும்,
நெல்லையப்பன்

பின்குறிப்பு: பஸ் ஏற வேண்டாம். கம்பெனியில் லைன் முழுக்க அவர் கட்டுரையைப் படித்துவிட்டு, கேன்டீனில் என்னைப் பாடச் சொல்கிறார்கள். சும்மா விடுவேனா, பதில் கட்டுரை எழுதிவிட்டேன். வெளியிடும் முன் கீழே போய் பாண்டுரங்கன் அவர்களிடமே படித்துக் காட்டினேன். ரெண்டு இடத்தில் "இது சப்புனு கீது, இன்னும் காரமா திட்டு" என்று திருத்தம் சொன்னார். சரியான திருத்தங்கள்தான்.