பதிமூன்று முதலாமவர்களும் ஓர் எலுமிச்சம்பழமும்

ஒரே நாளில் பதிமூன்று பேரை முதலிடத்துக்கு உயர்த்திய பெருமை எனக்கு உண்டு. அதற்காக நான் எந்தத் தேர்வும் நடத்தவில்லை, யாரிடமும் எதுவும் வாங்கவில்லை (இரண்டு பஜ்ஜி வாங்கினேன், அது பின்னால் வரும்). ஒரு நோட்டீஸ் டைப் அடிக்க உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் பின்பாதி. அப்பாவுக்கு ஆவடி ஃபேக்டரியில் வேலை. குவார்ட்டர்ஸை விட்டுக் கோவில்பதாகையில் சொந்த வீடு கட்டிக் குடிவந்த புதிது. நான் பி.காம். முடித்து, ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸும் முடித்திருந்தேன். அந்தச் சர்டிஃபிகேட்டை அப்பா லேமினேட் செய்து ஹாலில் மாட்டினார். மாட்டினாரே தவிர, வேலைக்கு அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை. அம்மா அதற்குள் எனக்கு வரன் அமைய வேண்டும் என்று மாங்காடு அம்மன் கோயிலுக்கு வாராவாரம் எலுமிச்சம்பழத்தோடு போய்வர ஆரம்பித்திருந்தாள்.

அம்பத்தூர் ஓ.டி.யில் சுகுமார் அண்ணன் என்பவர் நோட்டீஸ், பத்திரிகை எல்லாம் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுக்கும் டி.டி.பி. சென்டர் வைத்திருந்தார். ஆள் தேவை என்று போர்டு தொங்கியது. போய்க் கேட்டேன். "ஒரு வேலையை முழுசா முடிச்சுக் காட்டும்மா. சரியா வந்தா திங்கக்கிழமையில இருந்து வா" என்றார். அப்பாவிடம் சொன்னேன். திருநெல்வேலியை விட்டு வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் கோபமோ பாசமோ வந்தால் அப்பாவுக்கு ஊர்ப்பேச்சு வந்துவிடும்.

"ஏட்டி, நம்ம நகர் நோட்டீஸையே அடிச்சுக் காட்டு. நல்லா வந்தா வேலைக்குப் போ. இல்லன்னா அம்மா காட்டுற மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டணும், சரியா?"

சரி என்றேன். அந்த வயதில் எனக்குக் கம்ப்யூட்டர் மீது அவ்வளவு நம்பிக்கை.

நோட்டீஸ் எங்கள் நகர் நலச்சங்கத்தினுடையது. புதிதாகக் கட்டிய தண்ணீர்த் தொட்டிக்குத் திறப்பு விழா. விழாக்குழுவில் பதினான்கு பேர். எங்கள் பக்கத்தில் நோட்டீஸ் என்பது விழாவுக்கு வரச் சொல்லும் காகிதம் அல்ல, யார் பெயருக்கு மேலே யார் பெயர் என்று ஊருக்கு அறிவிக்கும் காகிதம். போன பொங்கல் விழாவுக்குப் பெயர்களை இரண்டு பத்தியாக அச்சடித்து, குறுக்கே படிப்பதா கீழே படிப்பதா என்று சண்டை வந்து, கோலப்போட்டிப் பரிசைக் கொடுக்க மேடையில் ஆளில்லாமல் போனது. அதனால் இந்த முறை தலைவர் ராமநாதன் கறாராக இருந்தார். யார் முதலில் கிரகப்பிரவேசம் செய்தார்களோ அந்த வரிசைப்படி பெயர், பெயருக்கு முன்னால் எண். முதல் எண்காரர்தான் குழாயைத் திறப்பார். (யார் முதலில் கிரகப்பிரவேசம் செய்தது என்று கேட்கிறீர்களா? தலைவர்தான்.) கடைசியாக வீடு கட்டிய அப்பாவுக்குப் பதினான்கு. அச்சில் பெயர் வருவதே அவருக்கு முதல் முறை என்பதால் பதினான்கே அவருக்கு மகிழ்ச்சி.

வெள்ளிக்கிழமை காலை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு (அப்போதெல்லாம் கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குக் கோயில் மரியாதை) ஏசி அறைக்குள் போனேன். சுகுமார் அண்ணன் பேப்பர் வாங்கப் பாரிமுனைக்குக் கிளம்பினார். "மத்தியானம் வந்துருவேன். பயந்துக்காத" என்றார். அவர் சொல்லும் வரை நான் பயப்படவில்லை.

தலைவர் பெயரை அடித்தேன். கம்ப்யூட்டர் தானாகவே முன்னால் 1 போட்டது. கீழே பொடி எழுத்தில் பதவியை அடித்தேன். அடுத்து செயலாளர் துளசிங்கம். 2 என்று வரவேண்டும். மறுபடியும் 1 என்று வந்தது. அதற்கடுத்த பொருளாளருக்கும் 1. அழித்தேன். 1 திரும்பி வந்தது. கோபத்தில் நானே 2 என்று அடித்தேன். '1. 2. துளசிங்கம்' என்று பழைய எண்ணும் புதிய எண்ணும் போட்ட வீட்டுக் கதவு மாதிரி நின்றது.

கோர்ஸில் சொல்லித்தந்த வைத்தியம் எல்லாம் செய்தேன். அணைத்துப் போட்டேன். மவுஸைக் கவிழ்த்து அதன் உருண்டையைத் துப்பட்டாவால் துடைத்தேன். மானிட்டரின் முதுகில் இரண்டு தட்டு தட்டினேன். எங்கள் சார் எந்தக் கோளாறுக்கும் கடைசியில் "வைரஸ்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். எனக்கு டீக்குப் போகவும் வழியில்லை. பதினான்கு பெயரையும் அடித்து முடித்தேன். பதினான்கும் 1. உண்மையாகவே அழுகை வந்தது.

அந்த நேரம் பார்த்துத் துளசிங்கம் உள்ளே வந்தார். ப்ரூஃப் பார்க்க வந்தாராம். என் பின்னால் நின்று குனிந்தார். பெயர்களைப் பெரிய எழுத்தில் அடித்திருந்ததால் திரையில் அப்போது தெரிந்தது அவர் பெயர் மட்டும்தான்.

"இன்னாம்மா இது... நம்ம பேரு ஒண்ணாம் நம்பர்ல கீது?"

"அது வந்து சார்..."

"வேணாம், ஒண்ணியும் சொல்லாத. நீயா மனசாரப் போட்டுக்கீற. ரெண்டு வருஷமா தொட்டிக்கு நாயா அலைஞ்சது யாரு? தலைவரா? பச்சப்புள்ள உனக்குத் தெரிஞ்சுது பாரு!" கண் கலங்கிவிட்டது மனிதருக்கு. "தலைவராண்ட மூச்சு வுடாத. அப்பால பாத்துக்கலாம்."

அவர் போன சற்று நேரத்தில் பொருளாளர் வரதன் வந்தார், கையில் பஜ்ஜிப் பொட்டலத்தோடு. நான் தடுப்பதற்குள், கீழே நகர்த்தியிருந்த திரையில் அவரும் தன் பெயரையும் அதன் எண்ணையும் பார்த்துவிட்டார். இரண்டு பஜ்ஜியை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டியபடி பின்பக்கமாகவே நடந்து வெளியேறினார். நானும் தின்றேன். பசி.

தனியாக உட்கார்ந்து யோசித்ததில் பையில் அம்மா வைத்து அனுப்பிய மாங்காட்டு எலுமிச்சம்பழம் நினைவுக்கு வந்தது. எடுத்து மானிட்டரின் தலையில் வைத்தேன். கண்ணை மூடி, "தாயே, எனக்கு மாப்பிள்ளை வேண்டாம், 2 வந்தால் போதும்" என்று வேண்டினேன். கண்ணைத் திறப்பதற்குள் பழம் உருண்டு கீபோர்டின் மேல் விழுந்து, நாலைந்து பட்டன்களை அழுத்திக்கொண்டே மேஜையில் இறங்கி ஓடியது. நிமிர்ந்து பார்க்கிறேன்: 1, 2, 3, 4... பதினான்கு வரை, அணிவகுப்பு போல!

எந்தப் பட்டன் அழுந்தியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. திரும்பி வந்த சுகுமார் அண்ணன் பார்த்தார். "சுத்தமா வந்திருக்கு. திங்கக்கிழமை வந்துடு" என்றார். அன்று அம்பத்தூரிலிருந்து ஆவடி வரை பஸ்ஸில் நின்றுகொண்டே சிரித்துக்கொண்டு வந்தேன்.

ப்ரூஃப் அன்று மாலையே சங்கத்துக்குப் போனது. மறுநாள் காலை சென்டர் வாசலில் பதினான்கு ஜோடிச் செருப்பு.

"ஒண்ணாவதா கீற என்னைய எவன் ரெண்டாவதாத் தள்னது?" என்று துளசிங்கம் ஆரம்பித்தார். "நான்தான் ஒண்ணு, என் கண்ணால பாத்தேன்" என்றார் வரதன். தலைவர் இருவரையும் பார்த்து, "பொண்ணை விலைக்கு வாங்கப் பாத்தீங்களா?" என்றார். எனக்கு அந்த இரண்டு பஜ்ஜி நினைவுக்கு வந்தது. அப்பா ஓரமாக நின்று என்னையே பார்த்தார். நான் உண்மையைச் சொன்னேன். யாரையும் நான் உயர்த்தவில்லை, மெஷின் கோளாறு, பதினான்கு பேருக்கும் 1 என்றுதான் வந்தது என்றேன்.

பதினான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

துளசிங்கம்தான் முதலில் பேசினார். "அப்ப அதே மேரியே போட்டுடேம்மா. யாருக்கும் மனஸ்தாபம் இல்ல."

தலைவர்கூடத் தலையாட்டினார். எல்லாரும் முதல் என்றால் குழாயை யார் திறப்பது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. சுகுமார் அண்ணன் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "கோளாறை எடுக்கச் சொல்லி வருவாங்க. கோளாறு வேணும்னு வர்றது இதான் முதல் தடவை" என்றார்.

சோதனை அங்கேதான் ஆரம்பித்தது. இப்போது கோளாறு வரவில்லை. நான் 1 என்று அடித்தால் கம்ப்யூட்டர் அதைத் திருத்தி 2 என்று போட்டது. அணைத்துப் போட்டேன், திருந்தியதாகவே இருந்தது. வேறு வழியில்லாமல் எலுமிச்சம்பழத்தை மானிட்டர் மேல் வைத்து உருட்டினேன். 'ழழழழ' என்று ஒரு வரி வந்தது. "தள்ளுமா, உனுக்கு உருட்டத் தெரில" என்று துளசிங்கம் வாங்கி உருட்டினார். வரதன் உருட்டினார். தலைவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உருட்டினார். தன் கீபோர்டில் ஒரு நலச்சங்கமே எலுமிச்சம்பழம் உருட்டுவதைச் சுகுமார் அண்ணன் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் அவரே கத்தரிக்கோலை எடுத்து என்னிடம் கொடுத்தார். 1 என்ற எண்ணை மட்டும் ஒரு தாள் நிறைய அடித்து, துண்டு துண்டாக வெட்டி, அச்சுக்குப் போகும் மூலத்தாளில் பழைய எண்களை வெள்ளை மையால் மறைத்து, ஒவ்வொரு பெயரின் முன்னாலும் பசை தடவி ஒட்டினேன். காய்வதற்காக ஃபேனைப் போட்டேன். பிறகு தாளைச் சுருட்டாமல் பத்திரமாகப் பக்கத்து அச்சகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன்.

கட்டுக்கட்டாக நோட்டீஸ் வந்த பிறகுதான் தெரிந்தது. பதிமூன்று பேருக்கு 1. கடைசியில் இருந்த அப்பா பெயருக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அப்பாவின் துண்டு மட்டும் ஃபேன் காற்றில் பறந்துபோய், பிற்பாடு என் துப்பட்டா ஓரத்தில் ஒட்டிக் கிடந்தது. சுகுமார் அண்ணன் சத்தம் போடவில்லை. "வேணாம்மா. திங்கக்கிழமை வராத" என்று மட்டும் சொன்னார். வீட்டில் நான் இதைச் சொல்லவில்லை. அப்பா நோட்டீஸைத் தூரத்திலும் பக்கத்திலும் வைத்துப் பார்த்தார். "எம்பேருக்கு மட்டும் நம்பர் இல்லையே ஏட்டி" என்றார். அந்தக் குரலை நினைத்தால் இப்போதும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிடும். நான் முகம் கழுவப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை விழா. தொட்டிக்குக் கீழே பதிமூன்று வெள்ளை வேட்டிகள் குழாயைச் சுற்றி மொய்த்தன. பதிமூன்று கைகளும் திருகின் மேல். யாரும் திருகவில்லை, யாரும் எடுக்கவுமில்லை. அப்பா கூட்டத்துக்குப் பின்னால், தொட்டியின் தூண் ஓரம் நின்றிருந்தார். மைக்செட்காரர் பொறுமை இழந்து நோட்டீஸைக் கையில் எடுத்து மைக்கிலேயே படித்தார்.

"அண்ணாத்தே, இதுல அல்லாரும் ஒண்ணாம் நம்பரு. நம்பரே போடாத பேரு ஒண்ணு கீது. அப்ப அவருதான் சீஃப் கெஸ்டு! சார், மேடைக்கு வாங்க சார்!"

கூட்டம் கைதட்டியது. யாரோ அப்பா கழுத்தில் மாலையைப் போட்டுவிட்டார்கள். பதிமூன்று பேரில் ஒருவர்கூட மறுக்கவில்லை. தனக்குக் கிடைக்காதது பக்கத்து 1-க்கும் கிடைக்கவில்லை என்ற நிம்மதி ஒவ்வொரு முகத்திலும் தெரிந்தது. அப்பா குழாய்க்குப் பின்பக்கமாக நின்று எட்டித் திருகினார். குழாய் முதலில் இருமியது. பிறகு துருவும் சேறுமாகச் சிவப்புத் தண்ணீர் பீய்ச்சி, முன்னால் முண்டியடித்து நின்ற பதிமூன்று வேட்டிகளையும் வேறுபாடு பார்க்காமல் நனைத்தது. அப்பா மேல் ஒரு சொட்டு இல்லை.

மைக்கை அவர் கையில் கொடுத்தார்கள். அப்பா வாழ்க்கையில் பேசிய ஒரே மேடைப்பேச்சு அது.

"இந்த நோட்டீஸை அடிச்சது எம்மவதான். நாளையில இருந்து அம்பத்தூர்ல சுகுமார் சார்ட்ட வேலைக்குப் போறா."

சங்கத்தார் அழைத்ததால் வந்து முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்த சுகுமார் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஊரே கைதட்டும்போது அவர் மட்டும் என்ன செய்வார்? தட்டினார். திங்கட்கிழமை நான் போனபோது கீபோர்டுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தது. எலுமிச்சம்பழம் உள்ளே வரக்கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை.

அங்கே ஏழு வருஷம் வேலை பார்த்தேன். என் கல்யாணப் பத்திரிகையையும் நானே அடித்தேன், எண் எதுவும் போடாமல். வீட்டில் இன்றும் தோசை வார்க்கும்போது, "முதல் தோசை யாருக்கு?" என்று அம்மா கேட்டால் என் பிள்ளைகள் இரண்டும் "நான் நம்பர் ஒண்ணு!" என்று கத்தும். எண்பதைத் தாண்டிய அப்பா தட்டைத் தூக்கிக்கொண்டு நேரே அடுப்படிக்குள் போய்விடுவார்.

"எனக்கு நம்பர் கிடையாது. போடு" என்பார்.