மயிலிறகு ஃபேமிலி ஹாலுக்கு இரவல் வாங்கிய குடும்பம்

மூடிப்போன ஹோட்டலில் சாப்பாடு எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். திறந்திருக்கிற ஹோட்டலில்தான் உப்புக் கூடிப்போச்சு, எண்ணெய் மிதக்குது, சர்வர் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கான் என்று ஆயிரம் குறை. ஷட்டரை இறக்கிப் பத்து வருஷம் ஆகட்டும், அதே கடை தேவலோகம் ஆகிவிடும்.

இப்போது செல்போனைத் திறந்தால் இந்தப் பேச்சுதான். எங்கள் பக்கம் ‘மயிலிறகு ஃபேமிலி ரெஸ்டாரண்ட்’ என்று ஒன்று இருந்தது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில் என மூன்று கிளை. மூன்றிலும் ஒரே சிவப்பு ரெக்சின் சீட்டு, ஒரே மங்கல் விளக்கு, ஒரே மீன் தொட்டி. (மீனும் ஒரே மீன்தானோ என்று எனக்குச் சந்தேகம். மதிய பஸ்ஸில் ஏற்றி அடுத்த கிளைக்கு அனுப்புவார்கள் போல.) போன மாதம் ஒரு பிள்ளை அதைப் பற்றி ஒரு நிமிஷ ரீல்ஸ் போட்டது. பின்னணியில் சோகமான வயலின். ஏதோ ஒரு வெப் சீரிஸில் அதே மாதிரி சிவப்பு சீட்டும் மீன் தொட்டியுமாக செட் வேறு போட்டிருக்கிறார்களாம். கீழே கமெண்டில் கண்ணீர் ஆறாக ஓடுகிறது. ‘அந்தப் புகை வர்ற இரும்புத் தட்டு மட்டன் ஸ்டேக்கை மறக்க முடியுமா?’ என்று ஒருத்தர் கேட்டிருந்தார். நானும் போய் ஒரு இதயம் போட்டுவிட்டு வந்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஸ்டேக்கை நான் ஒரு வாய்கூடச் சாப்பிட்டதில்லை. ஒரு கையில் கத்தி, ஒரு கையில் முள்கரண்டி என்று வெட்டப்போகும் தூரம் வரைக்கும் போயிருக்கிறேன். அப்படிப் போனதில் என் கல்யாணம் நிற்கப்போகும் தூரம் வரைக்கும் போய்விட்டது.

இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனியில் சூப்பர்வைசர். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண் பார்த்து, பூ வைத்து, ஐப்பசியில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. பெண் பெயர் கோதை. பி.எஸ்ஸி. படித்தவள். நான் ஐடிஐ. அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. தரகர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “பிள்ளை நல்ல நாகரிகம். ஃபிரெண்ட்ஸ்கூட மயிலிறகுல கத்தி முள்ளு வச்சுச் சாப்பிடுற பழக்கம்” என்று காதில் ஊதிவிட்டுப் போனார். எனக்கு அன்றைக்குத் தூக்கம் போனது. பேண்டேஜ் துணியை வெட்டுகிற கத்தரிக்கோல் தவிர வேறு ஆயுதம் நான் பிடித்ததில்லை. கல்யாணமான முதல் வாரம் பொண்டாட்டி முன்னால் கறித்துண்டு தட்டை விட்டு எகிறிப் போய் அடுத்த மேஜைக்காரர் மடியில் விழுவதுபோலக் கனவு வேறு வந்தது.

ஆகவே ஒத்திகை பார்த்துவிடுவது என்று முடிவெடுத்தேன்.

அதில் ஒரு சிக்கல். ஸ்டேக் கிடைப்பது ஏசி ஃபேமிலி ஹாலில் மட்டும். பிளைவுட் தடுப்பு, அதற்கொரு திரைச்சீலை, உள்ளே நாலு பேர் உட்காருகிற கேபின். வாசலில் ‘குடும்பத்தினருக்கு மட்டும்’ என்று போர்டு. ராஜபாளையம் கிளை வாசலில் மேனேஜர் என்னைப் பார்த்தார்.

“தம்பி, ஃபேமிலி எங்க?”

“இன்னும் ஆகலண்ணே. ஐப்பசியில.”

“அப்ப ஐப்பசிக்குப் பொறவு வாங்க.”

ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார். நான்தான் ரோட்டில் நின்று ஒரு குடும்பத்தை எங்கே போய்ப் பிடிப்பது என்று யோசித்தேன்.

எதிர் வீட்டில் ஜெபமணி அக்கா இருந்தாள். அவள் புருஷன் செல்வராஜ் அண்ணன் மில்லில் வேலை. ஆறு வயதில் ஜெனி என்று ஒரு பெண் பிள்ளை. விஷயத்தைச் சொன்னதும் செல்வராஜ் அண்ணன் பேப்பரில் இருந்து கண்ணை எடுக்காமல், “ஏலே, தாராளமா கூட்டிட்டுப் போ. எனக்கு ஒரு பார்சல் கட்டிக் கொண்டாந்துரு” என்றார். பொண்டாட்டி பிள்ளையை அம்புட்டு லேசாக இரவல் கொடுத்த மனுஷனை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

எந்த நாள், எந்தக் கிளை என்பதில்தான் என் மூளை வேலை செய்தது. (இப்படிச் சொல்லும்போதே என் வீட்டில் சிரிக்கிறார்கள்.) ராஜபாளையத்தில் என்னைத் தெரியாத ஆள் இல்லை. கிருஷ்ணன்கோவிலில் காலேஜ் பிள்ளைகள் கூட்டம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண் வீடு. ஆனால் அது புரட்டாசி மாதம். பெண் வீட்டில் புரட்டாசி என்றால் முட்டையைக் கண்ணால்கூடப் பார்க்க மாட்டார்கள். அதுவும் சனிக்கிழமை என்றால் ஊரே பெருமாள் மலைக்குப் போய்விடும். ஃபேமிலி ஹாலில் ஈ காக்கா இருக்காது. ஜெபமணி அக்கா வேதக்காரி, சர்ச்சுக்குப் போகிறவள், அவளுக்குப் புரட்டாசி கிடையாது. எல்லாம் கச்சிதமாகப் பொருந்திவந்தது. புரட்டாசி சனிக்கிழமை மத்தியானம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினோம்.

பஸ்ஸில் ஜெனியிடம் ஒப்பந்தம் போட்டேன். “பாப்பா, அங்க போனதும் என்னை அப்பான்னு கூப்பிடணும். கூப்பிட்டா ஐஸ்கிரீம்.”

“ஒரு அப்பாவுக்கு ஒரு ஐஸ்கிரீமா?” என்று கேட்டது.

நான் யோசிக்காமல் ஆமாம் என்றேன். என் வாழ்க்கையில் நான் போட்ட மோசமான ஒப்பந்தம் அதுதான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மேனேஜர் குனிந்து, “பாப்பா, இது யாரு?” என்று கேட்டார். ஜெனி, “அப்பா” என்றது. அத்தோடு நிறுத்தாமல், “அப்பா, உள்ள போவோமா அப்பா? அப்பா, மீனு பாருங்கப்பா” என்று ஒரே மூச்சில் ஐந்து ஐஸ்கிரீம் சம்பாதித்தது. ஜெபமணி அக்கா தலையைக் குனிந்து சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். அதை வெட்கம் என்று நினைத்து மேனேஜர் நல்ல கேபினாகக் கொடுத்தார்.

நினைத்தபடியே ஹால் காலி. பக்கத்துக் கேபினில் மட்டும் திரை மூடியிருந்தது. ஸ்டேக் சொன்னேன். செத்த நேரத்தில் சர்வர் ஒரு ரயில் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு வருவதுபோல வந்தார். உள்ளங்கை அகலத்துக்குத் தட்டிப்போட்ட முழு ஆட்டுக்கறித் துண்டு, சுற்றி வெங்காயம், கீழே பழுக்கக் காய்ந்த இரும்புத் தட்டு. சொய்ங் என்று ஒரு சத்தம். புகை எங்கள் கேபினை நிரப்பி, தடுப்புக்கு மேலே ஏறி, பக்கத்துக் கேபினுக்குள் இறங்கியது. அங்கே யாரோ இருமத் தொடங்கினார்கள். விடாத இருமல்.

“செத்தப் பொறுங்க சார், காத்து வரட்டும்” என்று சர்வர் எங்கள் திரையை இழுத்தார். அதே கையோடு பக்கத்துத் திரையையும் இழுத்தார்.

புகை விலகியது. சினிமாவில் சாமி காட்சி கொடுக்குமே, அதே மாதிரி. நெற்றி நிறைய நாமம். வெள்ளை வேட்டி. வாயில் நல்லி எலும்பு. என் வருங்கால மாமனார், ஜவுளிக்கடைக்காரர். பக்கத்தில், இலையில் பிரியாணியோடு, கோதை.

நான் கத்தியையும் முள்கரண்டியையும் செங்குத்தாகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அவர் எலும்பை வாயிலிருந்து எடுக்கவில்லை. இந்த நேரம் பார்த்து ஜெனி என் முழங்கையைப் பிடித்து இழுத்து, “அப்பா, கண்ணு எரியுதுப்பா” என்றது.

கோதை என்னைப் பார்த்தாள், ஜெபமணி அக்காவைப் பார்த்தாள், ஜெனியைப் பார்த்தாள்.

“பாப்பாவுக்கு எத்தனை வயசு?” என்று கேட்டாள். குரலில் கோபமே இல்லை.

“ஆறு” என்றது ஜெனி. “வேணும்னா அப்பாவக் கேளுங்க.”

ஜெபமணி அக்கா உதவிக்கு வந்தாள். “ஐயோ, தப்பா நினைக்காத தாயி. இது என் புருஷன் இல்ல. என் புருஷன் வீட்ல இருக்காரு. அவருதான் இந்தத் தம்பிகூட போயிட்டு வான்னு அனுப்பி வச்சாரு.”

இதைவிட மோசமாக யாராலும் என்னைக் காப்பாற்றியிருக்க முடியாது.

மாமா அப்போதுதான் எலும்பைக் கீழே வைத்தார். மாமனார் தோரணைக்கு வர முயற்சி செய்தார். “என்ன மாப்ளே இது? நாங்க பிள்ளைக்குப் பசிக்குதுன்னு சும்மா…”

“அப்பா, வாயத் தொடைங்க” என்றாள் கோதை.

வேறு வழியில்லை. உள்ளதைச் சொன்னேன். தரகர் சொன்னது, கத்தி முள், கனவு, மேனேஜர், ஒத்திகை, ஐஸ்கிரீம் ஒப்பந்தம் எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல என் காதுக்கே பொய் மாதிரிதான் கேட்டது. கோதை முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முடித்ததும் கேட்டாள்:

“எனக்குக் கத்தி முள்ளுல சாப்பிடத் தெரியும்னு யாரு சொன்னா? நான் இங்க இப்பத்தான் ரெண்டாவது தடவை வாரேன். அப்பாவுக்குப் புரட்டாசி பொறந்தாத்தான் கறி ஆசை வரும். வெளி ஹால்ல உக்காந்தா ரோட்டுல போறவுகளுக்குத் தெரியும். ஃபேமிலி ஹாலுக்கு ஃபேமிலி வேணும்னு என்னையக் கூட்டிட்டு வாராரு.”

அதாவது, நான் இரவல் குடும்பம். அவர் சொந்தக் குடும்பம். வித்தியாசம் அம்புட்டுத்தான்.

கோதை சிரித்துவிட்டாள். எனக்குப் போன உயிர் பாதி வந்தது. மீதிப் பாதி வருவதற்குள் மாமா மடியிலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்து மேஜையில் வைத்தார். முகம் வாடியிருந்தது.

“உங்க அத்தைக்குக் கால் வீக்கம், அதான் எங்களை மலைக்கு அனுப்பிவச்சா. உங்க கல்யாணம் நல்லபடியா நடக்கணும்னு முடிஞ்ச காணிக்கை. நாளைக்குப் போய் உண்டியல்ல போட்டுக்கிடலாம்னு இருந்தேன். இப்பப் பாத்தீங்களா, பெருமாள் சோதிச்சிட்டாரு. இன்னைக்கே போட்டாகணும். ஆனா கறி தின்ன வாயோட நான் மலையேற மாட்டேன். அதுல நான் ரொம்பச் சுத்தம்.”

கோதையும் பிரியாணி சாப்பிட்டிருந்தாள். “நான் வேணா போயிட்டு வரட்டா?” என்று ஜெபமணி அக்கா கேட்டாள், பாவம், மனதாரத்தான். எல்லோருடைய கண்ணும் என் தட்டுக்கு வந்தது. தட்டில் ஸ்டேக் இன்னும் முழுசாக, லேசாகப் புகைந்துகொண்டிருந்தது.

“மாப்பிள்ளை இன்னும் வாய் வைக்கலயே” என்றார் மாமா.

“ஒரு வாய்…” என்று ஆரம்பித்தேன்.

“வச்சிட்டா போக முடியாதுல்ல” என்றாள் கோதை. “துளசியும் வாங்கிட்டு வாங்க. அம்மா கேப்பா.”

கத்தியைக் கீழே வைத்தேன். மாமாவின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய், புரட்டாசிச் சனிக்கிழமைக் கூட்டத்தில் இடிபட்டு, வெறும் வயிற்றோடு மலையேறி, என் கல்யாணத்துக்கான காணிக்கையை என் கையாலேயே போட்டுவிட்டு, துளசியோடு மூன்று மணி நேரம் கழித்துத் திரும்பினேன். ஸ்டேக்கில் பாதியை மாமா ‘வீணாப் போகக் கூடாது’ என்று சாப்பிட்டிருந்தார். மீதி செல்வராஜ் அண்ணனுக்குப் பார்சல் ஆகியிருந்தது. ஜெனி நாலாவது ஐஸ்கிரீமில் இருந்தது. எனக்குச் சர்வர் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

வீட்டுக்குப் போன கோதை, “மாப்பிள்ளையும் மலைக்கு வந்திருந்தாரும்மா” என்று சொல்லியிருக்கிறாள். பொய்யில்லையே. அத்தைக்கு அப்படியே மனது குளிர்ந்துவிட்டதாம். கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. அடுத்த புரட்டாசி முதல் சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு அத்தை ஆள் அனுப்பினாள். “உங்க பக்தி எனக்குத் தெரியும் மாப்பிள்ளை. வாங்க, மலைக்குப் போவோம்.” அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும், ஒவ்வொரு சனிக்கிழமையும். மாமா மட்டும் மூட்டு வலி என்று வீட்டிலேயே இருந்துகொள்வார். கல்யாணமான கையோடு நானும் கோதையும் மயிலிறகுக்குப் போனோம். திரையெல்லாம் கரிப்பிடிக்குது என்று இரும்புத் தட்டை நிறுத்திவிட்டார்கள். பிறகு கடையையே நிறுத்திவிட்டார்கள்.

போன மாதம் மாமனார் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் மகள் அந்த ரீல்ஸை மாமாவிடம் காட்டினாள். மாமாவுக்கு இப்போது காது மந்தம். தான் மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு தெருவுக்கே கேட்கும்படி பேசுவார்.

“மாப்ளே, அன்னைக்கு நீங்க மலைக்குப் போனதும் உங்க தட்டுல இருந்தத நான் தின்னேன்ல, அந்த ருசி இன்னும் நாக்குல நிக்குது.”

நானும் கோதையும் சோற்றில் கை வைத்தபடி அப்படியே இருந்தோம். அத்தை ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டி நிற்கவில்லை.

“அன்னைக்கே தெரியும்” என்றாள். “நெத்தியில நாமம், மீசையில மசாலா. இருபத்தஞ்சு வருஷம் சோறு போட்டவளுக்குத் தெரியாதா? துளசி மட்டும் நெசமான துளசியா இருந்துச்சு. இவிய ஏறல, அப்ப வேற யாரோ ஏறியிருக்காகன்னு நினைச்சேன். கோதை உங்க பேரச் சொன்னா.”

“அப்ப என் பக்தின்னு சொன்னது?”

“அது சும்மா சொன்னது.”

“பிறகு எதுக்கு அத்தை என்னை வருஷா வருஷம் மலையேத்துறீங்க?”

“அவியள ஏறச் சொன்னா மூட்டு வலிம்பாக. வீட்டுல தப்பு நடந்தா யாராச்சும் ஏறித்தான ஆகணும்? உங்களுக்குக் கால் நல்லாருக்கு.” இன்னொரு கரண்டி ரசம் விட்டாள். “மோர் ஊத்தட்டா?”

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்கும் எதற்கும் பயமில்லாமல் போய்விட்டது. பால் பொங்கி அடுப்பில் வழிந்தாலும், கரண்ட் பில் கட்ட மறந்தாலும், “அவர் ஏறிக்கிடுவாரு” என்று கோதை போய்க்கொண்டே இருக்கிறாள். முந்தாநாள் என் மகள் என் வண்டியைக் காம்பவுண்டுச் சுவரில் இடித்து, முன்பக்க விளக்கை உடைத்துக்கொண்டு வந்தாள். சாவியை என் கையில் கொடுத்தாள். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை.

“வர்ற சனிக்கிழமை இதையும் சேத்து ஏறிருங்கப்பா” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.