பின்சீட்டில் ஏறிய பெட்டி

மோட்டார் சைக்கிளுக்குப் பெட்டி பார்ப்பவர்கள் என்று ஓர் இனம் உண்டு. அவசரப்பட்டு ‘பெட்டி வாங்குபவர்கள்’ என்று படித்துவிடாதீர்கள். வாங்குவது ஒரு நாள் வேலை. பார்ப்பது ஆயுள் வேலை. இந்த இனத்தாரை அடையாளம் காண்பது சுலபம். எதிரே வருகிறவரின் முகத்தை இவர்கள் பார்ப்பதில்லை. அவர் வந்த வண்டியின் பின்பக்கத்தைப் பார்ப்பார்கள். சிக்னலில் நிற்கும்போது முன்பின் தெரியாத ஆளின் பெட்டியை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டி, “ஃபைபரா?” என்று விசாரிப்பார்கள். சாப்பிட உட்கார்ந்தால், யாரோ ஒருவன் ஆளுயர வண்டியில் மூன்று பெட்டிகளைக் கட்டிக்கொண்டு பனிமலை ஏறும் வீடியோவைக் கைபேசியில் ஓடவிட்டு, தட்டில் என்ன விழுந்தது என்றே தெரியாமல் விழுங்குவார்கள். இவர்கள் ஏறப்போகிற மலை எது? வேலைக்குப் போகிற வழியில் இருக்கும் மேம்பாலம்.

என் அக்காவின் கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். இந்த இனத்தில் அவரைப் போல முற்றிய ஆளை நான் கண்டதில்லை. மூக்குக் கண்ணாடிக் கடை ஒன்றின் பின்னறையில் உட்கார்ந்து வில்லை தேய்ப்பது அவர் தொழில். தன் சின்ன மோட்டார் சைக்கிளில் பதினோரு வருஷமாக அவர் சுமந்துபோன பெரிய பாரம் ஒரு சாப்பாட்டு டப்பா. பாரமெல்லாம் அக்காவுடையது. அவள் வீட்டிலேயே ஜன்னல் திரை தைப்பவள். தைத்து முடித்த திரைகளை மூட்டை கட்டி மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் ஏறுவாள். மாமா கொண்டுபோய் இறக்கிவிடுவார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர்கள் இருவரும் பேசிக்கொள்வதே அந்த வண்டியில்தான். வீட்டில் அவளுக்குத் தையல் மெஷின், அவருக்குக் கைபேசி. வண்டியில் ஏறியதும் அவள் அவர் காதுக்குள் கத்துவாள், அவர் “என்ன? கேக்கல!” என்பார், அவள் இன்னும் உரக்கக் கத்துவாள். மகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பதைக்கூட இப்படித்தான், தெரு முழுக்கக் கேட்க, ரகசியமாக முடிவுசெய்தார்கள்.

ஒருநாள் மழையில் ஒரு மூட்டை நனைந்துவிட்டது. பன்னிரண்டு திரை. அக்கா அவற்றை மறுபடி துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு முடிக்க இரண்டு நாள் ஆனது. மாமா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, “இனிமே நனையாது. நான் பாத்துக்கறேன்” என்றார். அக்கறையோடு சொன்னார். அதுதான் வினை.

ஐந்து மாதம் பார்த்தார். கெட்டிப் பெட்டியா, துணிப் பையா? துணிப் பை என்றால் பிளேடு போடுவார்களே. கெட்டிப் பெட்டி என்றால் கனமாயிற்றே. மேல் பெட்டி ஒன்றா, பக்கப் பெட்டி இரண்டா, மொத்தம் மூன்றா? அளவு நாடா எப்போதும் அவர் சட்டைப் பையில் இருந்தது. வீட்டில் எதை வேண்டுமானாலும் அளந்தார். தூங்கும் மகளின் புத்தகப் பையை அளந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எடை பார்க்கும் மெஷினைக் கொண்டுவந்து தரையில் வைத்து, அக்காவை ஏறச் சொன்னார்.

“அறுபத்தாறு” என்றார் குனிந்து பார்த்து.

“அதுக்கென்ன இப்ப?”

“ஒண்ணுமில்ல. வண்டி மொத்தம் நூத்தம்பது கிலோதான் தாங்கும். நான் எழுபத்தொண்ணு.”

“சரி. பெட்டி?”

“காலியாவா? மூணு பெட்டி, அதுக்கு இரும்புத் தாங்கி... ஒரு பதினெட்டு வரும்.”

அக்கா மெஷினிலிருந்து இறங்கினாள். “அப்ப யாரு இறங்கணும்?” என்று கேட்டாள். மாமா குனிந்து மெஷினின் முள்ளைச் சரிசெய்வதில் மும்முரமாக இருந்தார்.

பெட்டிகள் வந்தன. மூன்றும் கறுப்பு. மேல் பெட்டி பின்சீட்டில் முக்கால் பங்கை எடுத்துக்கொண்டது. மிச்சக் கால் பங்கில் ஒரு பூனை உட்காரலாம், அதுவும் ஒடுங்கி. பக்கப் பெட்டிகள் மாட்டியதும் வண்டி வீட்டு கேட்டுக்குள் நுழையவில்லை. ஆகவே மாமா தினமும் தெருவில் நின்று இரண்டு பெட்டிகளையும் கழற்றி, உள்ளே கொண்டுவந்து வைத்து, திரும்பப் போய் வண்டியை உருட்டிக்கொண்டு வருவார். காலையில் அதே வேலை தலைகீழாக. பெட்டிக்குள் என்ன இருந்தது என்கிறீர்களா? மேல் பெட்டியில் மேல் பெட்டிக்கான மழை உறை. வலப் பெட்டியில் பெட்டிகளை முடுக்குகிற ஸ்பானர்கள். இடப் பெட்டியில், பெட்டியிலிருந்து கழன்று விழக்கூடிய திருகாணிகளுக்கு மாற்றுத் திருகாணிகள். சாப்பாட்டு டப்பா சாய்ந்து கொட்டிவிடுகிறது என்று வழக்கம்போல ஹேண்டில்பாரில் தொங்கியது.

அக்கா பஸ்ஸில் போக ஆரம்பித்தாள். மூட்டையும் பஸ்ஸில்தான் போனது. ஏனென்றால் பெட்டிக்குள் மடித்து அடைத்தால் திரையின் மடிப்பு கெடும். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு வண்டி வேண்டுமே!

பிறகு எலும்பு டாக்டரம்மா ஒருவர் புதிதாகத் திறக்கிற மருத்துவமனைக்கு நாற்பது திரை தைக்கும் வேலை வந்தது. அக்கா கையில் எடுத்ததிலேயே பெரிய வேலை அது. திறப்பு நாளன்று காலை பத்து மணிக்கு நோயாளிகள் வருவார்கள். அதற்குள் எல்லா ஜன்னலிலும் திரை தொங்க வேண்டும். அன்று பார்த்து விடியலிலிருந்தே மழை. மாமா முகத்தில் வெளிச்சம். மழைக்காக இப்படி மகிழ்ந்த மனிதரை விவசாயிகளில்கூடப் பார்க்க முடியாது.

“எல்லாத்தையும் குடு. இதுக்குத்தான வாங்கினேன்” என்றார்.

“மடிப்பு...”

“டாக்டர் மடிப்பையா பாக்கப் போறாங்க? நனையக் கூடாது, அதான் முக்கியம்.”

அக்கா அரைமனதோடு கொடுத்தாள். திரைக் கம்பிகள் ஏழடி நீளம், பெட்டிக்குள் போகவில்லை. அவற்றையும் ஏணியையும் தூக்கிக்கொண்டு அவளும் நானும் பஸ்ஸில் போய் இறங்கினோம். மாமா எங்களுக்கு முன்பே வந்து, மருத்துவமனைக் காவலாளியைப் பிடித்துவைத்து, மேல் பெட்டியைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார்.

“தொட்டுப் பாருங்க. ஒரு சொட்டு இறங்கியிருக்கா?”

“இல்ல சார்.”

“மூணு பெட்டிக்கும் ஒரே சாவி. மூடறதுக்குச் சாவிகூட வேணாம். இப்படிச் சும்மா அமுக்கினாப் போதும்...”

அமுக்கினார். டக்கென்று ஒரு சத்தம். தொட்டுப் பார்ப்பதற்காக இரண்டு கையாலும் திரையை அவர் தூக்கிக் காட்டினாரே, அப்போது சாவிக்கொத்தைக் கீழே வைத்தது பெட்டிக்குள்தான் என்பது, அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது. வண்டிச் சாவியும் அதே கொத்தில்.

“இன்னொரு சாவி இருக்குமே?” என்றாள் அக்கா.

“இருக்கு. பத்திரமா இருக்கு.”

“எங்க?”

மாமா இடப் பெட்டியைப் பார்த்தார்.

“கழட்டவாவது முடியுமா மாமா?” என்று நான் கேட்டேன்.

“முடியாது. போல்ட் எல்லாம் உள் பக்கம். திருடனே வந்தாலும் கழட்ட முடியாது.” அந்த நிலையிலும் குரலில் ஒரு சின்னப் பெருமை எட்டிப்பார்த்தது. சத்தியமாகச் சொல்கிறேன்.

மணி ஒன்பதேகால். உள்ளே, இடுப்பு வலிக்காரப் பெரியவர் ஒருவர் முன்கூட்டியே வந்து பரிசோதனை மேஜை மேல் உட்கார்ந்திருந்தார். அந்த அறையின் பெரிய ஜன்னல் சரியாக எதிர்ச் சலூனைப் பார்த்தது. முடி வெட்டிக்கொள்ள வந்த நான்கு பேர், கண்ணாடியைப் பார்ப்பதை விட்டுவிட்டு, பெரியவர் வேட்டியை அவிழ்ப்பாரா மாட்டாரா என்று காத்திருந்தார்கள். பெரியவர் இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்திருந்தார். வலியாலா மானத்தாலா, தெரியவில்லை.

அக்கா மாமாவைத் திட்டவில்லை. ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு மருத்துவமனை வாசற்படியில் உட்கார்ந்தாள். “மூணு வாரம் ராத்திரி பகல்னு பாக்காம தச்சேங்க” என்றாள், அவரைப் பார்க்காமல். திட்டியிருக்கலாம். மாமா அந்த மழையில் பெட்டியின் பக்கத்தில் நனைந்துகொண்டே நின்றார். உள்ளே திரைகள் மட்டும் உலர்வாக இருந்தன.

டாக்டரம்மா வெளியே வந்து விஷயத்தைக் கேட்டார். பெட்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தார். கீலை அழுத்திப் பார்த்தார்.

“உள்ள மாவுக்கட்டு வெட்டற மெஷின் இருக்கு. எலும்புக்குப் போடற ஃபைபர் கட்டையே வெட்டும். இதையும் வெட்டும்னு நினைக்கிறேன்.”

“டாக்டர், வேற ஏதாவது வழி...” என்று மாமா ஆரம்பித்தார்.

“வெட்டுங்க டாக்டர்” என்றாள் அக்கா.

வராந்தா வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தோம். மெஷின் உறுமியது. டாக்டரம்மா பழக்க தோஷத்தில், “பயப்படாதீங்க, வலிக்காது” என்றார். மாமா ஒரு கையால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். நாலு நிமிஷத்தில் கீல் இரண்டும் விட்டன. சாவி திரைமேல் சமர்த்தாகப் படுத்திருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது வேகமாகத்தான் நடந்தது. காவலாளி இஸ்திரிப் பெட்டி கொண்டுவந்தார். அக்கா மடிப்பை எடுத்துக் கொடுக்க, மாமா ஏணியில் ஏறி மாட்ட, நான் ஏணியைப் பிடிக்க, முதல் திரை பெரியவரின் ஜன்னலுக்குப் போனது. சலூனில் நான்கு பேரும் பெருமூச்சு விட்டிருப்பார்கள். நாற்பதாவது திரை தொங்கும்போது பத்து அடித்து எட்டு நிமிஷம். டாக்டரம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார், நல்ல மனுஷி. போகும்போது, மாமா முகத்தைப் பார்த்து மனம் இளகி, பிளந்த பெட்டியை மூடி ஃபைபர் கட்டுப் போட்டே கொடுத்தார்.

“ஆறு வாரம் தண்ணி படாமப் பாத்துக்குங்க” என்றார்.

மேல் பெட்டியின் தாங்கியை மாமா தன் கையாலேயே கழற்றினார். பின்சீட் முழுதாகத் தெரிந்தது. அக்கா கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஏறி உட்கார்ந்து, கட்டுப் போட்ட பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி கிளம்பி இரண்டு கடை தாண்டுவதற்குள் அவள் கத்த ஆரம்பித்துவிட்டாள். பெட்டி வந்த நாளிலிருந்து சேர்ந்த பாக்கி. என்ன கத்தினாள் என்பது எனக்குக் கேட்கவில்லை. மாமா “கேக்கல” என்று சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டே போனார். ஏணியோடு நான் பஸ்ஸுக்குப் போனேன்.

மாமா திருந்திவிட்டாரா? என்ன கேள்வி இது! பக்கப் பெட்டிகள் இரண்டையும் கண்ணாடிக் கடை முதலாளியிடம் தள்ளிவிட்டார். இப்போது முதலாளி வண்டி அவர் வீட்டு கேட்டுக்குள் நுழைவதில்லை. மாமா பெட்டியை விட்டுவிட்டார், உண்மைதான். பையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பூட்டே இல்லாத பை. போன வாரம் என்னிடம் ஒரு மணி நேரம் அதன் கொக்கியைப் பற்றிப் பேசினார். ஆனால் இந்த முறை, அளவு நாடாவை எடுப்பதற்கு முன் அக்காவைப் பின்சீட்டில் உட்காரவைத்துவிட்டு, மிச்ச இடத்தை அளக்கிறார். அந்த அளவுக்கு முன்னேற்றம்.

இதைப் படித்துச் சிரித்தவர்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. சிரிக்காமல், பாதியிலேயே புருவத்தைச் சுருக்கி, “அமுக்கினாப் பூட்டிக்கற மாடலை வாங்கினதுதான் அந்த ஆள் செஞ்ச தப்பு. நானா இருந்தா...” என்று யோசிக்க ஆரம்பித்தீர்கள் பாருங்கள், உங்களிடம்தான் ஒரு வார்த்தை. ‘நானா இருந்தா’ என்று தொடங்கிவிட்டீர்களா? போச்சு. உங்கள் வீட்டு ஆள் ஒருவர் இந்நேரம் ஏதோ ஒரு பஸ் நிறுத்தத்தில், மூட்டையும் கையுமாக நின்றுகொண்டிருக்கக்கூடும்.